இடுப்பிலா, தோளிலா: வேதாரண்யம் பக்கம் ஐந்து நாள்

பிப்ரவரி 8, 2025, சனி

திருத்துறைப்பூண்டி தாண்டித் தெற்கே வர வரக் காற்றின் வாடை மாறுகிறது. வயல் முடிந்து அளம் தொடங்குகிறது. இந்தப் பக்கத்தில் யாரும் உப்பளம் என்று முழுதாகச் சொல்வதில்லை, அளம்தான். போன பருவத்து உப்புக் குவியல்கள் கீற்று வேய்ந்து வரிசையாகக் கிடக்கின்றன. தூரத்தில் இருந்து பார்த்தால் குடிசைத் தெரு மாதிரி இருக்கிறது.

வந்த வேலை: ஓர் ஊரில் எழுபத்தைந்து வயது தாண்டியவர்களின் வாழ்க்கையைக் கேட்டு, பதிந்து, எழுதி வைப்பது. ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே வராது. சொன்னவர்கள் பலரும் அதைத்தான் முதல் நிபந்தனையாகக் கேட்டார்கள்.

யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலுக்குப் பஞ்சாயத்து அலுவலகம் போவதைவிட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகப் பிரஷர் மாத்திரை கொடுக்கும் அக்காவைப் பிடிப்பது நல்லது. யாருக்குக் காது கேட்காது, யார் காலையில் மட்டும் தெளிவாகப் பேசுவார், யார் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று எல்லாம் அவருக்குத் தெரியும். டீக்கடை வாசலில் நின்றபடியே இருபத்து மூன்று பேரைச் சொல்லிவிட்டார். டீ 12 ரூபாய். காசை அவரே கொடுத்துவிட்டார், வாங்க மாட்டேன் என்றார்.

முதல் நாள் எல்லாரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. திண்ணையில் உட்கார்ந்ததும் ‘உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க பாட்டி’ என்று ஆரம்பிப்பது. பதில் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். “என்னத்தச் சொல்றது தம்பி. பொறந்தோம், கட்டிக் குடுத்தாங்க, கஷ்டப்பட்டோம், இப்ப ஒக்காந்திருக்கோம்.” அத்தோடு வெற்றிலைப் பெட்டி மூடப்படும்.

இந்தக் கரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகும் 2018 கஜா புயலுக்குப் பிறகும் நோட்டும் பேனாவுமாக வந்தவர்கள் ஏராளம். அதனால் நோட்டைப் பார்த்ததுமே வாய் கணக்குச் சொல்லத் தொடங்கிவிடுகிறது. “ஓட்டு வீடு ஒண்ணு, பசு மாடு ரெண்டு, தென்னை பதினெட்டு.” அது நிவாரணக் கணக்கு. வாழ்க்கை அதில் வராது. இன்று மூன்று வீட்டில் மூன்று கணக்கு கிடைத்தது. அதில் ஒருவர் கடைசியில், “எவ்வளவு குடுப்பாங்க?” என்று கேட்டார். எதுவும் கிடைக்காது, எழுதி வைக்கத்தான் வந்திருக்கிறோம் என்று சொன்னதும் சிரித்துவிட்டு உள்ளே போய்ப் பனங்கிழங்கு எடுத்துவந்து கொடுத்தார். இந்தச் சீசனில் பத்துக் கிழங்குக் கட்டு 50 ரூபாய். நார் உரித்துத் தின்னச் சொல்லிவிட்டு, அது எந்தப் பனை, விதையை யார் புதைத்தது என்று தானாகவே சொல்ல ஆரம்பித்தார். கேள்வி பொருளில் இருந்து தொடங்கவேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

விடியலில் நல்ல பனி. ஆறரை மணிக்கு அளத்து வரப்பில் கால் வைத்தால் செருப்பு வழுக்குகிறது. கூட வந்த பாட்டிக்கு ஆதாரின்படி வயது எழுபத்தைந்து. செருப்பில்லாமல் முன்னால் நடந்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் அளத்து வேலை. வீட்டுத் திண்ணையில் நேற்று ‘ஆமா’, ‘இல்ல’ மட்டும் சொன்னவர், பாத்தியைப் பார்த்ததும் நிறுத்தவே இல்லை. வயதானவர்களிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்பதைவிட இருபது நிமிஷம் கூட நடந்து கேட்பது மேல். கால் போகும் இடத்துக்குப் பேச்சும் போகிறது.

அவர் சொன்ன வேலை வரிசை இது. மழை ஓய்ந்து மார்கழிக் கடைசியில் தேங்கிய தண்ணீரை வெட்டி விடவேண்டும். அடியில் படிந்த சேற்றை வழித்துக் கரையில் போடவேண்டும். பிறகு மிதி. ஈரம் காய்ந்தும் காயாமலும் இருக்கும்போது வரிசையாக நின்று குதிகாலால் பாத்தியை மிதித்துக்கொண்டே போவது. ஒரு நாள் வேலையல்ல. வெயில் பட்டு வெடிப்பு விட்டால் லேசாக நனைத்து மறுபடி மிதி. தரை கெட்டியாகாவிட்டால் இரண்டு கேடு: உப்புத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும், வாரும்போது சேறும் உப்போடு வரும். “பழுப்பு உப்பு வந்தா கங்காணி கூலியில கை வைப்பாரு. அதனால மிதிக்கிறப்ப ஏமாத்த மாட்டோம்.”

தண்ணீரை ஒரே பாத்தியில் காய்ச்சுவதில்லை. பெரிய பள்ளத்தில் தேக்கி, அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாற்றி மாற்றி வெயிலில் ஏற்றுவார்கள். உப்பின் அடர்த்தியை அளக்கும் மானியில் கடல் தண்ணீர் மூன்று டிகிரி சொச்சம் காட்டும். இருபத்து நான்கு, இருபத்தைந்துக்கு வந்தால் உப்பு பூக்கும். இருபத்தொன்பது, முப்பதைத் தாண்ட விட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து உப்பு கசக்கும், குவியலில் ஈரம் வாங்கிக் கசியும். இன்றைக்குக் கணக்கப்பிள்ளை கையில் டிகிரி பார்க்கும் கண்ணாடிக் கருவி இருக்கிறது. அந்தக் காலத்தில்? பாட்டி குனிந்து இரண்டு விரலைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துக் காட்டினார். “எண்ணெ மாதிரி வழுக்குச்சுன்னா தண்ணிய வெட்டி விட்டுடணும். இதுக்கு எதுக்குக் கண்ணாடி?” உப்பு எடுத்து மிஞ்சிய தண்ணீர் உண்மையிலேயே எண்ணெய் போலத்தான் கையில் படும்.

அந்த இரண்டு விரல்களில் ரேகை இல்லை. மாசம் 1200 ரூபாய் முதியோர் உதவித்தொகைக்கு விரல் வைக்கும் கருவி இவரை ஐந்து தடவையில் நான்கு தடவை ஏற்பதில்லையாம். பணம் கொண்டுவருபவர் விரலைத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, மறு கை விரலை வைத்துப் பார்த்து, அதுவும் ஆகாவிட்டால் அடுத்த வாரம் என்பார். இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. கருவிக்குத்தான் கண் தெரியவில்லை என்கிறார்.

பதிவு பற்றி ஒரு குறிப்பு, இன்று பட்ட அடி. திறந்த வெளியில் கடற்காற்று மைக்கில் அடித்தால் வீட்டுக்கு வந்து கேட்கும்போது ‘பட் பட்’ என்று ஓசை மட்டும் இருக்கும். முதல் இருபது நிமிஷம் அப்படித்தான் வீணானது. பழைய பருத்திக் காலுறையைப் போனின் மேல் மாட்டி, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் பாதிக்கு மேல் சரியாகிவிடும். போனை ‘ஏரோபிளேன் மோடில்’ போடவேண்டும், பேச்சு நடுவில் அழைப்பு வந்தால் சில போன்களில் பதிவே நின்றுவிடுகிறது. எடுத்தவுடன் தேதி, இடம், யார் பேசுகிறார், பதிய சம்மதமா என்பதை அவர் வாயாலேயே பதிந்துகொள்ளவேண்டும். சுருக்காத ‘வேவ்’ கோப்பு மோனோவில் நிமிஷத்துக்குச் சுமார் ஐந்து எம்பி பிடிக்கும், மணிக்கு 300. இடம் இருந்தால் அதுவே நல்லது. அன்று இரவே இரண்டு இடத்தில் பிரதி எடுக்காமல் தூங்கக் கூடாது.

மதியம் அவர் வீட்டில் உமரிக்கீரை. அளத்து ஓரத்தில் தானாக முளைப்பது. நுனியை மட்டும் கிள்ளி, வேகவைத்து, தண்ணீரை இரண்டு தடவை வடித்துக் கொட்டிவிட்டு, வெங்காயம் மிளகாய் தாளித்துப் பிரட்டுகிறார்கள். உப்பு போடுவதில்லை. வடிக்காமல் விட்டால் வாயில் வைக்க முடியாது. இல்லாத காலத்தில் சோற்றுக்குப் பதிலாகவே இதைத் தின்றதாகப் பாட்டி சொன்னார், மருமகள் முகம் சுளித்தார். “இப்ப எதுக்கு அதெல்லாம் அத்தே.” மருமகள் எதிரில் சொல்லக்கூடிய கதை வேறு, இல்லாதபோது சொல்லக்கூடிய கதை வேறு. இதற்காகத்தான் காலை பத்து மணிக்கு மேல், மற்றவர்கள் வேலைக்குப் போனபின் வரவேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு வேண்டாம், தூக்கம் சொக்கும். நாற்பது நிமிஷத்துக்கு மேல் இழுக்கவும் வேண்டாம்.

பிப்ரவரி 10, திங்கள்

இன்று முழுக்க வருஷக் கணக்கு.

ஆதார் அட்டையில் இந்த ஊரில் பாதி முதியவர்கள் ஜனவரி முதல் தேதி பிறந்தவர்கள். முகாமில் யாரோ முகத்தைப் பார்த்துப் போட்ட வருஷம். அதை வைத்து எதையும் எழுதக் கூடாது. ‘எந்த வருஷம்?’ என்ற கேள்விக்கும் பதில் வராது. ஆனால் இந்தக் கரைக்கு ஒரு நாட்காட்டி இருக்கிறது. புயல். ‘புயலுக்கு முந்தியா பிந்தியா’ என்று கேட்டால் எண்பது வயதுக்காரரும் தயங்காமல் சொல்லிவிடுவார்.

எந்தப் புயல் என்பதில்தான் சறுக்கும். 1952 நவம்பர் 30, நாகப்பட்டினத்தைத் தாக்கியது. 1955 டிசம்பர் 1, இன்னொன்று, ராஜாமடம் பக்கம் கரையேறியது. இரண்டுமே கார்த்திகை நடுவில். இரண்டிலும் கடல் ஊருக்குள் வந்தது. நினைவில் இரண்டும் ஒன்றோடு ஒன்று கலந்துபோய்ப் ‘பெரிய புயல்’ என்று ஒரே பெயரில் இருக்கிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது மார்கழிப் புயல். 1977 நவம்பர் 12 ஐப்பசி. அவற்றை மாதத்தை வைத்தே பிரித்துவிடலாம். 52-ஐயும் 55-ஐயும் பிரிக்க வேறு கொக்கி வேண்டும்.

ஜாதகம் எழுதி வைத்த வீடென்றால் எளிது. முன்னது நந்தன வருஷம், பின்னது மன்மத வருஷம். ஜாதகம் எல்லார் வீட்டிலும் இருக்காது, அளத்துத் தெருவில் இல்லவே இல்லை. முதலமைச்சர் யார் என்று கேட்கலாம், 52-இல் ராஜாஜி, 55-இல் காமராஜர். ஆண்கள் சில பேருக்கு நினைவிருக்கும். பெண்களிடம் கேட்கவேண்டிய கேள்வி: ‘அந்தப் புயல்ல யாரு உங்க இடுப்புல இருந்தாங்க?’

நேற்றைய பாட்டியிடம் கேட்டதற்கு உடனே, “தம்பிதான். அவனத் தூக்கிக்கிட்டுக் கோயில் மண்டபத்துக்கு ஓடுனேன்” என்றார். தம்பி பள்ளிக்கூடம் போனாரா? போனார். மதியச் சோறு போட ஆரம்பித்த வருஷம்தான் சேர்த்தார்கள், சோற்றுக்காகவே சேர்த்தார்கள். காமராஜர் ஆட்சியில் அந்தச் சோறு ஊர் ஊராக வந்தது 1956, 57 வாக்கில். ஐந்து வயதில் சேர்த்திருந்தால் தம்பி பிறந்தது 1951 வாக்கு. 1952 புயலில் அவருக்கு ஒரு வயது, இடுப்பில் வைக்கும் வயதுதான். 1955 என்றால் நான்கு வயது, ஒரு சிறுமியின் இடுப்புக்குக் கனம். ஆக 1952. ஒரு வயதுப் பிள்ளையை இடுக்கிக்கொண்டு மழையில் ஓட அக்காவுக்கு ஏழெட்டு வயதாவது இருக்கவேண்டும். பிறந்தது 1944 அல்லது 45. ஆதாரில் இருப்பது 1950. அறுபது வயது உதவித்தொகைக்கு அவர் ஐந்தாறு வருஷம் தாமதமாகத்தான் தகுதி பெற்றார். நோட்டில் ‘1952’ என்று எழுதி அடிக்கோடிட்டாயிற்று.

காசும் ஒரு கொக்கிதான். 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தது. அதற்குப் பிறகும் நாலணா, எட்டணா என்று ஜனங்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், 25-க்கும் 50-க்கும் அது சரியாகப் பொருந்தியதால். எனவே ‘எட்டணா கூலி’ என்றால் 1950-ம் இருக்கலாம், 1970-ம் இருக்கலாம். ஆனால் ‘ஆறணா’, ‘மூணணா’ என்று வந்தால் பெரும்பாலும் பழைய காசுக் காலம். ஆறணா என்பது முப்பத்தேழரைப் பைசா, புதுக் காசில் அப்படி யாரும் கூலி பேசமாட்டார்கள்.

நெல்லாகக் கூலி வாங்கியவர்கள் மரக்கால் என்ற முகத்தல் அளவில் சொல்கிறார்கள். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்பது தெரிந்ததுதான், ஆனால் மரக்கால் ஊருக்கு ஊர் மாறும், பண்ணைக்குப் பண்ணையும் மாறும். கொடுக்கும் மரக்கால் ஒன்று, வாங்கும் மரக்கால் ஒன்று வைத்திருந்த பண்ணைகளைப் பற்றி இன்று இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னார்கள். இதைப் புத்தக வாய்ப்பாட்டை வைத்து லிட்டராக்கி எழுதினால் தப்பாகிவிடும். பழைய மரக்காலோ படியோ வீட்டில் இருந்தால் கேட்டு வாங்கி, தண்ணீர் ஊற்றி, அளவுக் குவளையால் அளந்து எழுதுங்கள். ஒரு வீட்டில் படி கோழிக்குத் தீவனம் வைக்கும் பாத்திரமாக இருந்தது.

எண்பத்திரண்டு வயது தாத்தா ஒருவர் 1930 உப்புச் சத்தியாகிரகத்தை நேரில் பார்த்த மாதிரியே சொன்னார். திருச்சியில் இருந்து ராஜாஜி நடந்து வந்தது, சர்தார் வேதரத்தினம் பிள்ளை ஏற்பாடு செய்தது, போலீஸ் அடித்தது, சோறு போட்ட வீடுகள். அழகாகச் சொன்னார். ஆனால் 1930-இல் அவர் பிறக்கவே இல்லை. அது அவருடைய அப்பா சொன்னது. இதைப் பொய் என்று ஒதுக்கவும் கூடாது, கண்ணால் கண்டது என்று எழுதவும் கூடாது. நோட்டின் ஓரத்தில் ‘பா’ என்றால் பார்த்தது, ‘கே’ என்றால் கேட்டது என்று அப்போதைக்கப்போதே போட்டுவிட வேண்டும். பத்து நாள் கழித்துப் போட முடியாது.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். விடிகாலை நாலரைக்குக் குழாய் ஒலிபெருக்கி முழங்க ஆரம்பித்தது. இன்றைக்குப் பதிவு கிடையாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அதனால் போட்டோ வேலை. கஜாவில் கூரை போன வீடுகளில் சட்டம் போட்ட கல்யாணப் படங்கள் நனைந்து, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிரித்து எடுத்துத் துடைத்துத் தருகிறோம் என்று நல்லெண்ணத்தில் கிளம்பாதீர்கள். ஒட்டிய படத்தை இழுத்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும், வெறும் தாள்தான் கையில் வரும். ஒரு வீட்டில் பேரன் அப்படிச் செய்து தாத்தாவின் வேட்டியும் காலும் மட்டும் மிஞ்சியிருக்கிறது. சட்டத்தோடு அப்படியே வெளியே நிழலுக்குக் கொண்டுவந்து, சுவரில் சாய்த்து, பிளாஷ் இல்லாமல் எடுக்கவேண்டும். எடுப்பவருக்குப் பின்னால் ஒருவர் கறுப்புப் போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றால் கண்ணாடியில் பிம்பம் விழாது. கறுப்புப் போர்வைக்கு ஒருவர் சபரிமலை வேட்டியை எடுத்து வந்தார், கச்சிதமாக இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் கோடியக்கரை, பழைய படகுக்காரர் ஒருவரோடு. கடற்கரையில் சோழர் காலத்ததென்று சொல்லும் செங்கல் கலங்கரை விளக்கம் 2004 சுனாமியில் விழுந்தது. அடிக்கட்டு மிச்சம் இருக்கிறது. சின்ன வயதில் கடலில் இருந்து திரும்பும்போது அதை எந்தப் பனையோடு நேர் வைத்துக் கரைக்கு வருவார்கள் என்று மணலில் நின்று கையை நீட்டிக் காட்டினார். கலங்கரை விளக்கமும் இல்லை, பனையும் இல்லை. ஆனால் கை சரியாக இரண்டு இடத்தில் நின்றது. இந்த மாதிரி நேரத்தில் ஒலிப்பதிவு போதாது, வீடியோ எடுக்கவேண்டும், எடுத்தது கால் நிமிஷம்தான். 1967-இல் காடு சரணாலயம் ஆவதற்கு முன்னால் விறகுக்கு எந்த வழியாகப் போவார்கள் என்பதைத் தன் மனைவியிடம் கேளுங்கள் என்றார். ஆண்களுக்கு அது தெரியாதாம்.

திரும்பும் பஸ் வரவே இல்லை. பூசக் கூட்டத்துக்குத் திருப்பிவிட்டார்கள் என்றார் ஒருவர், பழுது என்றார் இன்னொருவர். ஏழு மணிக்குக் கொசு மொய்த்தது. மீன் பெட்டி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய குட்டி யானை வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். படகுக்காரத் தாத்தாவை முன்னால் உட்காரவைத்து மற்றவர்களைப் பின்னால் ஏற்றினார். பணம் நீட்டியதற்கு, “பெரியவரோட வந்தவங்ககிட்ட வாங்குறதா?” என்றார். சட்டையில் கவிச்சி இரண்டு துவைப்புக்குப் போகாது.

பிப்ரவரி 12, புதன்

எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டும் நாள். பலர் இதைச் செய்வதில்லை, நேரமில்லை என்பார்கள். ஒரு மணி நேரப் பேச்சைத் தாளில் இறக்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும் என்பதும் உண்மைதான், ஊரில் இருக்கும்போதே முழுதும் முடியாது. ஆளுக்கு இரண்டு பக்கம், முக்கியமானதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி, வேதாரண்யத்தில் பிரதி எடுத்துக்கொண்டு வந்தால் போதும். பக்கம் 2 ரூபாய்.

ஒரு வீட்டில் மகன் நிலத் தகராறு வரும் பத்தியை எடுத்துவிடச் சொன்னார். அப்பா எடுக்கக் கூடாது என்றார். அரை மணி நேரம் இழுத்தது. சொன்னவர் உயிரோடு இருக்கும்போது அவர் சொல்தான் முடிவு. ஆனால் அதே வீட்டில் நாளைக்கும் சோறு தின்னப்போகிறவரும் அவர்தான். அந்தப் பத்தி தனித்தாளில் போய் உறையில் ஒட்டப்பட்டது, எப்போது பிரிக்கலாம் என்று அவர் கையெழுத்தோடு. மகனுக்கு முழு திருப்தி இல்லை, டீ மட்டும் கொடுத்தார்.

கடைசியாக அளத்துப் பாட்டி. படிக்கத் தெரியாது, எனவே பேத்தி சத்தமாகப் படித்தாள். பாத்தி மிதிப்பது, விரலில் வழுக்கும் தண்ணீர், உமரிக்கீரை எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். ‘1952 புயலில் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு’ என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இடுப்புல எங்க தூக்குனேன்? தண்ணி எனக்கு இடுப்பு வரைக்கும் ஓடுது. தோள்ல ஒக்கார வெச்சேன். முடியப் புடிச்சுக்கிட்டு வந்தான்.”

தோளில் உட்கார்ந்து முடியைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளைக்கு ஒரு வயதாக இருக்காது. மூன்று, நான்கு. அப்படியானால் 1955. இடுப்பு என்பது அன்று அவர் வாயில் வந்த சொல்லே அல்ல, கேள்வியில் இருந்தது. திரும்ப ஒலியைப் போட்டுக் கேட்டபோது ‘தூக்கிக்கிட்டு’ என்று மட்டும்தான் இருக்கிறது. ஆதாரைவிட அவர் மூத்தவர் என்பதில் அப்போதும் சந்தேகமில்லை. மூன்று வருஷமா, ஆறு வருஷமா என்பதுதான் இப்போது பாக்கி.

தம்பி தலைஞாயிறு பக்கம் இருக்கிறாராம், காது கொஞ்சம் மந்தம், வலது காதில் பேசவேண்டும். பேத்தி போன் நம்பரை எழுதிக் கொடுத்தாள். ‘1952’-ஐப் பென்சிலால் அடித்து மேலே ‘55?’ என்று போட்டாயிற்று. பாட்டி அந்தத் தாளை வாங்கி, கீழ்ப்பக்கம் காலியாக இருந்த இடத்தைத் தடவிப் பார்த்து, தம்பி பெயரை அங்கே எழுதச் சொன்னார்.